திட்டக்குடியில் இலை உதிர்வது எப்போது?

பருவகாலங்களை விளக்கும் வண்ணப்படம் ஒன்று நம் பள்ளிகள் பலவற்றின் சுவர்களில் தொங்குவதை யாவரும் கண்டிருப்பர். படம் நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதற்கட்டத்தில் பூத்துக் குலுங்கும் மரம். இரண்டாவதில் அடர்ந்த பசுமை. மூன்றாவதில் செம்மையும் மஞ்சளுமாக இலைகளை உதிர்க்கும் மரம். நான்காவதில் பனி மூடிய வெறுங்கிளைகள். மூன்றாம் கட்டத்தின் அடியில் 'இலையுதிர் காலம்' என்று எழுதி, செப்டம்பர் முதல் நவம்பர் வரை என்று மாதங்களையும் சேர்த்திருப்பர். இந்தப் படத்தையும் இதனை ஒட்டி எழுதப்படும் பாடங்களையும் கட்டுரைகளையும் சற்று உரைத்துப் பார்ப்பதே நம் நோக்கம். உரைகல்லாக நாம் எடுத்துக்கொள்வது நூல் அன்று, ஓர் ஊர். கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வெள்ளாற்றங்கரையில் உள்ள திட்டக்குடி.

பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்திலிருந்து மேற்கே சென்றால் திட்டக்குடியை அடையலாம். வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகி, இவ்வூரைக் கடந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலிற் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு அது. வட்டத்தின் பெரிய நீர்நிலை கீழ்ச்செருவாயில் உள்ள வெலிங்டன் ஏரி. காடு என்று சொல்லத்தக்கது ஊரைச் சுற்றி அதிகம் இல்லை. ஆனால் ஆற்றங்கரை, ஏரிக்கரை, வாய்க்கால் வரப்பு, கோயில் வளாகம், வேலியோரம் என்று காட்டுச் செடிகளும் நாட்டு மரங்களும் ஒதுங்கி வாழும் இடங்களுக்குக் குறைவில்லை. இத்தகைய ஊர்தானே நம் வாசகர்களிற் பெரும்பாலோரின் ஊர்?

சுவர்ப்படத்தின்படி, புரட்டாசியில் இவ்வூர் மரங்கள் இலைகளை உதிர்க்கத் தொடங்க வேண்டும். நடப்பது என்ன? ஆனி, ஆடி வெயிலில் காய்ந்து கிடந்த வரப்புகள் ஆவணி, புரட்டாசியில் இடியுடன் பெய்யும் மாலை மழைகளால் நனைகின்றன. அக்டோபர் 20ஆம் நாளை ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. தமிழகம் முழுமைக்கும் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இந்த மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது; கடலோர மாவட்டங்களில் பாதிக்கும் மேல். ஆக, ஐரோப்பாவில் தாவர உலகம் கடையைக் கட்டும் மாதங்களில் இங்கே அது கடையைத் திறக்கிறது. வெறுந்தரையாகக் கிடந்த இடத்தில் கீழாநெல்லி, மூக்கிரட்டை, குப்பைமேனி, தும்பை, நாயுருவி ஆகியவை முளைத்து நிற்கும். புன்செய்க் காட்டில் பண்ணைக்கீரை வெளிர்சிவப்புக் கதிர்களை நீட்டும். நன்செய் ஓரத்துச் சேற்றில் ஆரைக்கீரையின் நாலிலைகள் விரியும். வேலிகளில் கோவையும் முசுமுசுக்கையும் பிரண்டையும் புதுத்தளிர் விட்டு ஏறும்.

இவற்றுள் இரண்டைச் சற்று விரிவாகவே நோக்கவேண்டும். முதலாவது பனை. தமிழ்நாட்டின் மாநில மரம் என்று 1978இல் அறிவிக்கப்பட்ட இம்மரம் எந்தப் பருவத்திலும் மொட்டையாவதில்லை. ஆனால் ஆவணி, புரட்டாசியில் அதன் கனிகள் 'தொப்' என்று விழுவதைக் கேளாத சிற்றூர்ப் பிள்ளை இருக்க முடியாது. நம் நாட்டில் இப்பருவத்துக்கு உரிய 'உதிர்வு' ஒன்று உண்டு என்றால் அது இந்தப் பனம்பழ உதிர்வுதான்! கொட்டையை மண்ணில் பரப்பி மூடினால், அது பிற விதைகளைப் போல மேல்நோக்கி முளைப்பதில்லை. காம்பு போன்ற ஓர் உறுப்பு மண்ணுக்குள் நேர்கீழாக இறங்கி, முளைக்கருவையே ஆழத்திற்கு எடுத்துச் செல்கிறது. கொட்டைக்குள் இருந்த உணவு அவ்வழியே இறங்கி முதல் இலையின் உறையில் மாவாகச் சேர்கிறது. அதனையே பொங்கலுக்குள் தோண்டி எடுத்துப் பனங்கிழங்கு என்று அவித்துத் தின்கிறோம். மழைக்காலத்தில் இறங்கி, கோடை வருமுன் ஆழத்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. வறண்ட நிலத்து மரம் ஒன்றின் 'இலையுதிர் கால' வேலை இப்படி இருக்கிறது.

இரண்டாவது செங்காந்தள். கோடையில் இச்செடி தரைக்கு மேல் தென்படவே தென்படாது. கலப்பை வடிவில் கவைத்த கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். மழை கண்டதும் தண்டு எழும். இலை நுனிகளையே பற்றுக்கம்பிகளாகச் சுருட்டி வேலியைப் பிடித்து ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். கார்த்திகைப் பூ என்ற பெயரும் அதனாலேயே. பூவிதழ்கள் முதலில் பச்சையும் மஞ்சளுமாக இருந்து, நாட்பட நாட்படச் செந்நிறம் பூணும். சுவர்ப்படத்து மேப்பிள் இலையில் மாணவன் தேடும் அதே வண்ணமாற்றம், அதே மாதங்களில், அவன் வீட்டு வேலியில் நடக்கிறது. ஆனால் இலையில் அன்று, பூவில். பார்க்கும் மாணவர்கள் கையால் தொட்டு விளையாட வேண்டாம் என்று எச்சரிப்பதும் கடமை. கிழங்கிலும் விதையிலும் கொல்கிசின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. தை, மாசியில் விதை முற்றியபின் தண்டும் இலையும் பழுத்து மடிந்துவிடும். செங்காந்தளுக்கு இலையுதிர் காலம் என்று ஒன்று உண்டெனின் அது தையில் வருகிறது.

இனி, பாடத்தின் பின்னே வரும் 'செய்து பார்' பகுதியைக் காண்போம். உதிர்ந்த வண்ண இலைகளைத் திரட்டி ஏட்டில் ஒட்டுக என்பது இப்பருவத்துக்கென வழக்கமாகக் கொடுக்கப்படும் பயிற்சி. பிள்ளை தெருவெல்லாம் தேடுகிறான். வேம்பு பச்சை, புங்கு பச்சை, இலுப்பை பச்சை. கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நிற்கும் நாட்டு வாதுமை மரம் கைகொடுக்கிறது. அதன் அகன்ற இலைகள் சிவந்து உதிர்பவை. ஏடும் நிரம்புகிறது, ஆசிரியரும் மகிழ்கிறார். ஆனால் அது கடற்கரைகளுக்கு உரிய மரம். திட்டக்குடியின் இயற்கை மரம் அன்று. நிழலுக்காக நட்டு வளர்த்தது. அதன் இலைகள் ஆண்டில் இருமுறை கூட உதிர்வதுண்டு. விதிவிலக்கான ஒரு விருந்தாளி மரத்தைக் காட்டி, இல்லாத ஒரு பருவத்தை மெய்ப்பிக்கும் இப்பயிற்சியை அறிவியற் பயிற்சி என்று எப்படிச் சொல்வது? கண்ணால் கண்ட நூறு பச்சை மரங்களைத் தள்ளிவிட்டு, புத்தகம் கேட்ட ஒரு சிவப்பு இலையைத் தேடி எடுக்கவே அது பழக்குகிறது. இந்த இழப்பு சிறியதன்று.

வேற்றுமைக்குக் காரணம் என்ன என்பதையும் அறிதல் வேண்டும். இலை தானாக ஒடிந்து விழுவதில்லை. மரமே அதனைக் கழற்றிவிடுகிறது. இலைக்காம்பின் அடியில் மெல்லிய உயிரணுப் படலம் ஒன்று உண்டு. இலை இளமையாய் இருக்கும்வரை அதிலிருந்து ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் காம்பின் வழியே வந்துகொண்டிருக்கும். இலை மூப்படையும்போது இவ்வரவு குறைகிறது. எத்திலீன் என்னும் வாயுவின் ஆட்சி ஓங்குகிறது. படலத்தின் உயிரணுக்கள் நொதிகளைச் சுரந்து தமக்கிடையே உள்ள பசையைக் கரைத்துவிடுகின்றன. அதற்கு முன்பே பச்சையம் சிதைக்கப்பட்டு, இலையிலிருந்த நைட்ரசனில் பாதியளவு கிளைக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளப்படுகிறது. சிக்கனமான குடித்தனம்! பச்சையம் மறைந்தபின், முன்பே இருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. சில மரங்கள் சிவப்பு நிறமியைப் புதிதாகவும் உண்டாக்குகின்றன.

இவ்வேலை எந்நாட்டு மரத்திலும் ஒன்றே. தொடங்கச் சொல்லும் கட்டளைதான் வேறு. இலண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டரை மணிக்கு மேல் வேறுபாடு உண்டு. பகல் குறுகுவதும் குளிர் இறங்குவதும் அங்குள்ள மரங்களுக்கு அறிவிப்பு. திட்டக்குடியோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினொன்றரைப் பாகையளவில் உள்ளது. இங்கு அவ்வேறுபாடு சுமார் 80 நிமிடங்களே. தை மாத விடியற்காலையிலும் வெப்பநிலை ஏறக்குறைய 20 பாகை செல்சியசில் நிற்கும். உறைபனி அறியாத மரத்திற்கு உறைபனிக்கு அஞ்சி இலை உதிர்க்க வேண்டிய தேவை இல்லை. அது அஞ்சுவது தண்ணீர்ப் பஞ்சத்துக்கு. மழை முடிந்து, மேல்மண் காய்ந்து, காற்றும் வறண்ட பின்னரே இங்கே உதிர்வு தொடங்குகிறது.

வாகை முந்திக்கொள்ளும். மார்கழி, தையிலேயே இலைகளைக் கொட்டிவிட்டு, வைக்கோல் நிறத்துத் தட்டைக் காய்களுடன் நிற்கும். மாசி, பங்குனியில் அரசும் வேம்பும் புங்கும் இலுப்பையும் ஆற்றங்கரை மருதும் இலை மாற்றும். கொன்றை ஏறக்குறைய வெறுங்கிளையாகிச் சித்திரை, வைகாசியில் பொன்னிறமாகப் பூக்கும். நாவல் முற்றிலும் வெறுமையாவதே இல்லை. எனவே, படத்தின் மூன்றாம் கட்டத்தை அப்படியே எடுத்துப் பங்குனிக்கு நகர்த்திவிட்டால் போதும் என்று எண்ணுவதும் தவறு. இங்கே ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் மொட்டையாவதில்லை. ஒவ்வொரு மரமும் தன் வேரின் ஆழத்துக்கும் நிற்கும் மண்ணின் ஈரத்துக்கும் ஏற்ப நாள் குறிக்கிறது. ஒரே தெருவில், கிணற்றடி வேம்பு பசுமையாய் இருக்க, மேட்டு வேம்பு இலை கொட்டி நிற்பதைக் காணலாம்.

விந்தை இதனோடு முடியவில்லை. தண்ணீர்ப் பஞ்சத்துக்காக இலையை உதிர்த்த வேம்பு, மழைக்குக் காத்திராமல், கடுங்கோடையின் வாயிலில் பங்குனியிலேயே செந்தளிர் விடுகிறது. இது முரண்பாடு அல்லவா? ரோல்ஃப் போர்ச்செர்ட் என்னும் தாவரவியலார் நடு அமெரிக்காவின் கோஸ்டாரிகா நாட்டு வறண்ட காடுகளில் ஆராய்ந்து, 1994இல் விரிவாக ஒரு விடை தந்தார். பழைய இலைகள் விழுந்ததும் நீராவிப்போக்கு நின்றுவிடுகிறது. வேர்கள் ஆழத்திலிருந்து எடுக்கும் சிறிதளவு நீரும் தண்டில் சேர்கிறது. தண்டு நீரேறியதும் மொட்டுகள் விரிகின்றன. அதாவது, சில மரங்களில் இலையுதிர்வே தளிர்ப்புக்கு வழி திறக்கிறது.

மழைக்கு முன்பே தளிர்ப்பதால் மரத்துக்கு என்ன ஆதாயம்? இதற்கு விடை நம் மாநிலத்திலேயே கிடைத்தது. முதுமலைக் காட்டில் கே. எஸ். முரளியும் ஆர். சுகுமாரும் ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரையில், வறட்சிக் காலத்தில் முந்தித் தளிர்த்த மரங்களைவிட மழையோடு தளிர்த்தவற்றின் இலைகளையே பூச்சிகள் மிகுதியாகத் தின்றன என்று காட்டினர். மழை வந்தால் பூச்சியும் வரும். அதற்குள் இலையை முற்றவைத்துவிட வேண்டும். முதுமலையில் கண்டது திட்டக்குடிக்கும் பொருந்துமா என்பதை ஓர் உருப்பெருக்காடியும் பொறுமையும் உள்ள மாணவர் தம் தெருவிலேயே சோதிக்கலாம். வண்ண இலை ஒட்டும் பயிற்சியை விட இது எவ்வளவோ மேல்.

சொல்லைப் பற்றியும் பேசவேண்டும். ஆங்கிலத்தில் இப்பருவத்துக்கு 'ஃபால்' என்றும் ஒரு பெயர் உண்டு. 'இலையின் வீழ்ச்சி' என்ற பழைய தொடரின் சுருக்கம் அது. 'இலையுதிர் காலம்' அதன் வழியாக வந்த ஆக்கமாகவே தோன்றுகிறது. கனடாவைப் பற்றியோ ஜப்பானைப் பற்றியோ எழுதும்போது அழகான, பொருள் விளங்கும் சொல். அதன்மேல் நமக்குப் பகை இல்லை. தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளிலோ, இலை உதிர்வதைப் பெயராகக் கொண்ட பருவம் ஒன்றும் இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அது குளிரையும் வாடைக்காற்றையும் குறிப்பது. மராட்டியர் இலையுதிர்வைச் சிசிர ருதுவோடு, அதாவது குளிர்காலத்தின் பிற்பகுதியோடு சேர்த்துப் பேசுவர்; அது மரங்களின் நடப்போடு ஒத்துப்போகிறது.

கூதிர்க்காலத்தைப் பின்னணியாகக் கொண்ட நெடுநல்வாடை, மழைக்குப்பின் புதர்தோறும் முசுண்டையின் வெண்பூவும் பீர்க்கின் பொன்னிறப் பூவும் மலர்ந்திருப்பதைச் சொல்கிறது. கொடிகள் ஏறிப் பூப்பதே இப்பருவத்தின் அடையாளம் என்று புலவர் கண்டிருக்கிறார். இன்றும் மழை கண்ட வேலிகளில் அவ்வாறே நடக்கிறது. களக்குறிப்பு என்ற அளவில் சுவர்ப்படத்தை விட இப்பாட்டு நம்பத்தக்கது. ஆனால் இதைச் சொல்லிவிட்டுப் பெருமிதத்தோடு உட்கார்ந்துவிடுவது நம்மவர் வழக்கம். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்போர் உண்டு. அவற்றில் ஒன்பதை வேலியில் காட்டச் சொன்னால் எத்தனை பேர் காட்டுவர்? பாட்டு நாளும் இடமும் குறிப்பதில்லை; குறிப்பது அதன் வேலையும் அன்று.

இரவல் பருவத்தை மறுப்பது எப்படி என்பதற்கு அயல்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் இலையுதிர் கால வண்ணங்கள் பற்றிய கட்டுரை, அவர் மறைந்த 1862ஆம் ஆண்டின் அக்டோபரில் வெளிவந்தது. இங்கிலாந்தின் மரங்கள் அவ்வளவாக நிறம் மாறுவதில்லை. ஆகையால் ஆங்கிலக் கவிதையில் அமெரிக்க இலைவண்ணங்களுக்கு இடமே இல்லை என்று அவர் தொடக்கத்திலேயே குறை கூறுகிறார். பின்னர்ப் புல்லிலிருந்து ஓக் மரம் வரை தம் ஊரில் எது எப்போது நிறம் மாறுகிறது என்று வரிசையாக எழுதிச் செல்கிறார். நம் எழுத்தாளர் பலர் தோரோவிடமிருந்து சிவந்த இலையை எடுத்துக்கொண்டனர். அவருடைய முறையை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் 1850களில் கான்கார்டு ஊரில் எழுதிவைத்த முதற்பூ நாட்களைப் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு பிரிமாக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் இக்காலத்து நாட்களோடு ஒப்பிட்டு, செடிகள் சராசரியாக ஒரு வார அளவு முந்திப் பூப்பதைக் கண்டனர். புவி சூடேறுவதற்கு அது ஒரு சான்றாயிற்று. திட்டக்குடிக்கு அத்தகைய பழங்குறிப்பேடு ஒன்று இருந்திருந்தால், பருவமழையின் போக்கு மாறும்போது நம் வேம்பும் இலுப்பையும் என்ன செய்கின்றன என்று ஊகிக்காமல் அறியலாம்.

அறிஞர்களின் நூல்கள் இக்குறையை நிரப்பவில்லையா? தமிழ்நாட்டுத் தாவரங்களுக்கு நல்ல நூல்கள் உள்ளன. கேம்பிள் தொடங்கி, அவர் மறைவுக்குப்பின் ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரநூல் 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் இராபினாட் தாவர உலர்தொகுப்பகத்தை நிறுவிய அருட்தந்தை கே. எம். மேத்யூ, தமிழ்நாட்டுச் சமவெளிப் பகுதிக்கென 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட தொகுதிகள் உழைப்பின் சிகரம். ஆயினும் இவ்வகை நூல்களுக்கு இயல்பான ஓர் எல்லை உண்டு. இவை உலர்மாதிரிகளின் மேல் எழுப்பப்பட்டவை. மாதிரி எடுப்பவர் பூவும் காயும் உள்ள கிளையையே ஒடிப்பார். இலையற்ற மொட்டைக் கிளையை யாரும் அழுத்தி ஒட்டி வைப்பதில்லை. ஆகையால் எப்போது பூக்கும் என்பதைத் தேடுவோருக்குத் துணை கிடைக்கிறது. எப்போது, எத்தனை நாள் இலையின்றி நிற்கும் என்பதற்குக் கிடைப்பது அரிது. போதாக்குறைக்கு, நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்வழி மாணவர்க்கு எஞ்சுவது சுவர்ப்படம்தான்.

இவ்விடைவெளியில் இறங்கியது 'சீசன்வாட்ச்' என்னும் மக்கள் அறிவியல் திட்டம். 2010ஆம் ஆண்டை ஒட்டிப் பெங்களூரில் தொடங்கப்பட்டது. பங்கேற்பவர் தமக்கு அண்மையில் உள்ள ஒரு மரத்தைத் தேர்ந்து, வாரந்தோறும் தளிர், முற்றிய இலை, பழுத்த இலை, மொட்டு, பூ, காய், கனி ஆகியவை இல்லையா, சிறிதா, மிகுதியா என்று குறிக்கவேண்டும். கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் பெருந்தொகையாகக் கலந்துகொண்டனர். விஷுவுக்கு உரிய கொன்றை விஷுவுக்கு முன்னதாகவே பூத்துவிடுவது பதிவுகளில் தெரியவந்தது. எளிய முறை, மறுக்க முடியாத பயன். ஆனால் நம் ஊருக்கு ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். திட்டம் மரங்களுக்கு மட்டுமே உரியது. நம் புரட்டாசி, ஐப்பசியில் கதை நடப்பதோ பூண்டிலும் கொடியிலும் கிழங்கிலும். மரத்தை மட்டும் பார்க்கும் மாணவர், ஆண்டின் மிகச் சுறுசுறுப்பான மாதங்களில் 'மாற்றமில்லை' என்று எழுதிக்கொண்டிருப்பார்.

ஆகவே திட்டக்குடி மாணவரின் ஏட்டில் இருவகைப் பக்கங்கள் வேண்டும். ஆவணி முதல் மார்கழி வரை ஒரே வேலியின் பத்தடி நீளம்: எது முதலில் முளைத்தது, எது எதன்மேல் ஏறியது, எந்நாளில் முதற்பூ. பொங்கலன்று பல ஊர்களில் காப்புக் கட்டப் பயன்படும் சிறுபூளை எந்த வாரத்தில் வெண்பூ விட்டது என்பதும் அதில் இருக்கட்டும். மார்கழி முதல் வைகாசி வரை ஐந்து நாட்டு மரங்கள். சாலையோரத் தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும், தரிசெல்லாம் பரவிவிட்ட சீமைக்கருவேலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. அவற்றைக் குறிப்பதில் தவறில்லை. தனிப்பக்கத்தில் குறித்தால் நன்று. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் தலமரமான வன்னி, சீமைக்கருவேலுக்கு நெருங்கிய உறவு. ஆழ வேரால் கோடையிலும் பசுமை காக்கும் நாட்டு மரம் அது. இரண்டையும் அருகருகே வைத்து ஓராண்டு பார்த்தவர் எவரேனும் எழுதினால் படிக்க ஆவலாக உள்ளோம்.

ஏட்டின் இரண்டாம் பகுதியை வாகையிலிருந்து தொடங்கலாம். மழை நின்ற மார்கழிக் கடைசியில், சுற்றியுள்ள மரங்களெல்லாம் பச்சையாய் இருக்கும்போதே அதன் சிற்றிலைகள் மஞ்சளாகித் தரையில் பொடிபோல் படியும். சில நாட்களில் இலை முழுவதும் போய், காற்றடிக்கும் போதெல்லாம் உலர்ந்த காய்களுக்குள் விதைகள் சலசலக்கும் ஓசை தெருமுனை வரை கேட்கும். அந்த ஓசை முதலில் கேட்ட நாளைத் தேதியுடன் எழுதுக.